குப்பைக்குச் செல்லவிருந்த கைந்நூல்கள்

ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பழைய இலத்திரனியல் கருவிகளின் கைந்நூல்களை விற்றுவந்த மனுவல்ஸ் பிளஸ் நிறுவனம் 2015 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தனது களஞ்சியசாலையைக் காலிசெய்ய நேர்ந்தது. பல்லாயிரக்கணக்கான கைந்நூல்கள் குப்பைக்குச் செல்லவிருந்த தறுவாயில், இன்ரநெற் ஆர்கைவ் எனும் இணைய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த ஜேசன் ஸ்கொட் இதனைக் கேள்வியுற்று உதவி கோரினார். தொண்டர்கள் திரண்டு வந்து, தலைப்புக்கு ஒரு பிரதி என்ற முறையில் தெரிந்தெடுத்து, சில தினங்களுக்குள் அவற்றைப் பெட்டிகளில் அடுக்கி வெளியேற்றினர்.

பழைய கடதாசிக்கு இத்துணை பாடு எதற்கு என்ற வினா எழலாம். இன்று ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுடன் கிடைப்பது எந்த ஆளியை அழுத்துவது என்று கூறும் சிறு பிரசுரம் மாத்திரமே. அன்றைய அளவைக் கருவிகளின் கைந்நூல்கள் அத்தகையனவல்ல. ரெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் 1950 களிலும் 60 களிலும் தனது அலைவுகாட்டிகளுக்கென வெளியிட்ட நூல்கள், கருவி தொழிற்படும் கோட்பாட்டை விளக்கின, மின்சுற்று வரைபடத்தை முழுமையாகத் தந்தன, அளவுதிருத்தம் செய்யும் முறையைப் படிப்படியாகக் கூறின, உதிரிப்பாகங்களைப் பட்டியலிட்டன. ஓர் உதிரிப்பாகத்தின் மீது தயாரிப்பாளரின் சொந்த இலக்கம் மட்டுமே பொறிக்கப்பட்டிருப்பின், அதற்கு ஈடாகச் சந்தையில் எதனைத் தேடுவதென்பதை அப்பட்டியலின்றி அறிவது கடினம். நூல் அழிந்தால், திருத்தக்கூடிய கருவியும் பழைய இரும்புக் கடைக்கே போய்ச் சேரும்.

எனினும் இவற்றை வருடி இணையத்தில் ஏற்றுவது இலகுவான பணியன்று. சுற்று வரைபடங்கள் பெரும்பாலும் மடித்து வைக்கப்பட்ட நீண்ட தாள்களில் உள்ளன. விரிக்காது வருடினால் பாதிச் சுற்று மறைந்துவிடும். தெளிவு குன்றினால் தசமப் புள்ளி மறைந்து, 4.7 என்ற பெறுமானம் 47 எனத் தோற்றும். அதனை நம்பிப் பாகத்தைப் பொருத்துபவரின் கருவி எரிந்துபோகவும் கூடும். வருடியதும் மூலப்பிரதியை எறிந்துவிடும் வழக்கம் ஆபத்தானது என்று நாம் கருதுவது இதனாலேயே.

பதிப்புரிமை மற்றொரு முடிச்சு. தயாரித்த நிறுவனம் கைமாறியும் கலைந்தும் போன பின்னர் அனுமதியை எவரிடம் கோருவது?

அனைத்தையும் ஓரிடத்தில் குவிப்பதும் உசிதமன்று. 2024 ஒக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் இன்ரநெற் ஆர்கைவ் தளமே பல தினங்கள் முடங்கிக் கிடந்தது. அல் கொசோ என்பவர் பழைய கணினிக் கைந்நூல்களைத் திரட்டிவரும் பிற்சேவர்ஸ் தளம் இவ்விடயத்தில் முன்னுதாரணமானது. அதன் முழுச் சேகரிப்பும் வேறு பல தளங்களில் அப்படியே பிரதிசெய்து வைக்கப்பட்டுள்ளது.