பச்சை மீனுக்கு வலை

கனடாவின் பழைய சாமான் கடைகளில் ஓட்டை டோஸ்டருக்கும் கைப்பிடி போன வாணலிக்கும் நடுவே ஒரு பச்சை மீனோ, கழுத்தை நிமிர்த்திய குதிரையோ தென்படலாம். மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் நகர்வார்கள். சேகரிப்பாளர் மட்டும் அதை எடுத்துத் தலைகீழாகத் திருப்புவார். அவர் தேடுவது அடியிலுள்ள 'பி.எம்.பி. கனடா' என்ற முத்திரையை.

பி.எம்.பி. என்றால் ப்ளூ மவுண்டன் பாட்டரி. டொரான்டோவுக்கு வடக்கே, ஜார்ஜியன் வளைகுடாக் கரையிலுள்ள காலிங்வுட் நகரில் இயங்கிய தொழிற்சாலை. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து குடியேறி, அங்கே பனிச்சறுக்கு மையத்தை வளர்த்த யோசோ வைடரும், வார்ப்பு அச்சு செய்வதில் கைதேர்ந்த டெனிஸ் டூபியும் இதைத் தொடங்கி வைத்தவர்கள்.

தயாரிப்பு முறையில் ரகசியம் அதிகமில்லை. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் படிந்த மண்தான் குதிரை. ஒரே மாதிரி எத்தனை குதிரைகள் வேண்டுமானாலும் செய்யலாம். வித்தையெல்லாம் பூச்சில் இருந்தது. ஊறுகாய் ஜாடியில் பளபளக்கிறதே, அதே கண்ணாடிப் பூச்சுதான். இங்கே அடர்நிறம் ஒன்று, வெளிர்நிறம் ஒன்று என இரண்டு. சூளையில் இரண்டும் உருகி, ஒன்றுக்குள் ஒன்று வழிந்து கோடுகளாக உறையும். எது எங்கே ஓடும் என்பது சூளையின் இஷ்டம். அதனால் ஒரே அச்சில் பிறந்த இரு குதிரைகள்கூட இரட்டையர் அல்ல. வீட்டில் ஐந்து மான் வைத்திருப்பவர் ஆறாவதை வாங்க இது போதாதா!

1960, 70-களில் இவை கல்யாணப் பரிசாகவும் சுற்றுலா நினைவுப் பொருளாகவும் வீடுவீடாகப் போயின. பச்சைதான் அடையாளம் என்றாலும் நீலம், பொன்பழுப்பு என வேறு நிறங்களும் வந்தன. பிறகு ரசனை மாறியது. பச்சை மீன்கள் பரணுக்குப் போயின. கப்பல் கட்டும் தளத்தை 1986-இல் இழந்த காலிங்வுட், 2004-இல் இந்தத் தொழிற்சாலையையும் இழந்தது.

மூடிவிட்டால் விலை எகிறும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு ஏமாற்றம்தான். செய்து குவித்தது அவ்வளவு. அரிய உருவம், அபூர்வ நிறம், பெரிய அளவு என்றால் மட்டுமே நல்ல விலை. மீன் துடுப்பிலோ குதிரைக் காதிலோ சில்லு பெயர்ந்திருந்தால் அதுவும் சரியும். பெயர்ந்த இடத்தில் வர்ணம் பூசி மறைப்பவர்களும் உண்டு என்பதால் அனுபவசாலிகள் கண்ணைவிட விரல் நுனியை நம்புகிறார்கள்.

முத்திரையும் முழு சாட்சியல்ல. காகித ஸ்டிக்கர் மட்டுமே ஒட்டப்பட்டவை, கழுவிக் கழுவி அனாதையாகிவிட்டன. போதாக்குறைக்கு வேறு கனடியத் தொழிற்சாலைகளும் இந்த வழியும் பூச்சைக் காப்பியடித்தன. அச்சின் உருவத்தையும் பூச்சு ஓடிய விதத்தையும் பார்த்துத்தான் குலம் கோத்திரம் சொல்ல வேண்டும்.

இன்று சரக்கு பெரும்பாலும் முதியவர்களின் வீடுகளிலிருந்து வருகிறது. வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள் பாட்டியின் அன்னப்பறவையைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறார்கள். அது பழைய சாமான் கடைக்குப் போகும்போது, அதைத் திருப்பிப் பார்க்க அங்கே ஒருவர் காத்திருக்கிறார்.