உஷார்! உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?

எண்ணெய்க் கணக்கு எல்லா வீட்டிலும் உண்டு. சர்க்கரைக்கும் கணக்கு வந்துவிட்டது. உப்பு மலிவான சரக்கு, அதற்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர், ஓட்டல் பரோட்டா எதுவுமே வாயில் படாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு! உங்கள் வீட்டில் இருபத்தைந்தாம் நாளே "உப்பு தீர்ந்துபோச்சு" என்று குரல் கேட்கிறதா? மீன் கழுவவும் காய் அலசவும் போனதைக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது.

"எங்க வீட்டுல உப்பு கம்மிதாங்க டாக்டர்" என்று சொல்லாதவர் கிடையாது. சாம்பாரை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். நாம் சாதத்தில் உப்பு போடுவதில்லை. தொட்டுக்கொள்வதில்தான் மொத்த உப்பும் உட்கார்ந்திருக்கிறது. மோர்மிளகாய் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீறிய மிளகாயை உப்பு போட்ட மோரில் ஊறவைத்து, பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுவார்கள். மோர் வற்றும்வரை இதே வேலை. தண்ணீர்தான் வற்றுகிறது, உப்பு எங்கும் போகாமல் மிளகாய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரம் வேறு, அதுவும் சோடியம்தான். கருவாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "ராத்திரி லைட்டா தயிர்சாதம்தான்" என்று திருப்தியாகச் சொல்கிறவரின் தட்டோரத்தில் ரெண்டு மாவடு, ரெண்டு மோர்மிளகாய், ஒரு அப்பளம்! டீயில் முக்கிச் சாப்பிடுகிற இனிப்பு பிஸ்கட்டிலும் பன்னிலும்கூட சோடியம் இருக்கிறது, நாக்குக்குத்தான் தெரிவதில்லை.

இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் வேறு. பல சமயம் அயோடினும் அதில் சேர்த்திருக்க மாட்டார்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். பலருக்கு அது நல்லது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்துப் பல வருஷம் பம்ப் செய்து செய்து இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகிறது. இதில் விபரீதம் என்னவென்றால், இவ்வளவு நடந்தும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. தலைசுற்றினால்தான் பிபி என்று நினைப்பது நம் ஊரின் பெரிய மூடநம்பிக்கை. 140/90-ஐத் தாண்டியும் ஜம்மென்று கல்யாணப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்த தப்பு இன்னும் மோசம். "பிபி நார்மலாயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்." ஐயா, மாத்திரை சாப்பிட்டதால்தானே நார்மலானது! மாத்திரை வாங்க அலைய முடியவில்லை என்ற சாக்கும் இப்போது அவ்வளவாகச் செல்லாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிபி பார்க்கும்போது ஒழுங்காகப் பார்ப்பதும் முக்கியம். படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, சிகரெட் வேண்டாம்.

சிகரெட் என்றதும் ஒன்று: பீடி, ஹான்ஸ், வெற்றிலையோடு போடுகிற புகையிலை எல்லாமே ரத்தக் குழாய்க்கு எதிரிதான். "ஒன்னு ரெண்டுதான்" என்ற சலுகை கிடையாது. நடப்பது வாரத்துக்கு 150 நிமிஷமாவது இருக்கட்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டே பார்க்கைச் சுற்றுவதை நான் நடை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி சொல்லப்போவது உயிர் சமாச்சாரம். நெஞ்சை அடைத்தால் நம் வீடுகளில் முதலில் வருகிற வார்த்தை "கேஸ்". கை உடனே சோடாவுக்கோ, வயிற்றுப் பொருமலுக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூளுக்கோ போகிறது. ஒரு ஏப்பம் வந்ததும் "பாத்தியா, கேஸ்தான்" என்று படுத்துவிடுகிறார்கள். மாரடைப்பு வலியும் மேல்வயிற்று எரிச்சல் மாதிரியே வரும். தாடை, தோள், இடது கை, முதுகு என்று பரவலாம். பெண்களுக்கு வலி அவ்வளவாக இல்லாமல் அசதி, மூச்சிரைப்பு, குமட்டல் என்று வரலாம். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். குப்பென்று வியர்த்தால் கேஸா, இதயமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாதீர்கள். அதை ஈசிஜி சொல்லட்டும்.

108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உள்ளிட்ட முதல் தவணை மருந்தை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறார்கள். காசு கிடையாது. யாரையும் எழுப்ப வேண்டாம் என்று நடுராத்திரியில் நீங்களே பைக்கை எடுத்துக்கொண்டு மட்டும் கிளம்பாதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.