கணக்கு வழக்கு – 9: வரவு வந்த வழியே பற்று

2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. சுமார் 1.06 கோடிப் பெண்களின் வங்கிக் கணக்குகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பது ஏற்பாடு. முதல் மாதப் பணம் போய்ச் சேர்ந்த சில நாட்களுக்குள்ளேயே பல ஊர்களிலிருந்து ஒரே மாதிரியான புகார் கிளம்பியது: பணம் வந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது, எடுக்கப் போனால் இல்லை, குறைந்தபட்ச இருப்பு வைக்காத பழைய அபராதத்துக்கு வங்கி எடுத்துக்கொண்டுவிட்டது. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். உரிமைத் தொகையை வேறெந்தப் பாக்கிக்கும் நேர் செய்யக் கூடாது என்று வங்கிகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது, மீறினால் பயனாளிகளின் கணக்குகளை வேறு வங்கிக்கு மாற்ற வேண்டிவரும், பாதிக்கப்பட்டவர்கள் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்றார். சில நாள் செய்தியாக ஓடிவிட்டு விஷயம் அடங்கியது. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி உரிமைத் தொகையைவிடப் பெரியது. பணம் வாங்குவதற்காக ஒருவர் கொடுத்த கணக்கு எண், அவரிடமிருந்து பணம் எடுப்பதற்கும் கொடுத்த சம்மதம் ஆகுமா?

வேலூரிலிருந்து ஆரணி சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் கணியம்பாடி ஒன்றியத்தையே எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு குடும்பத்தலைவியின் பெயரில் இரண்டு மூன்று பாஸ்புக் இருப்பது அதிசயமில்லை. 2015இல் சிலிண்டர் மானியம் நேரடியாக வங்கிக்கு என்றானபோது ஒன்று, நூறு நாள் வேலைக் கூலிக்கு ஒன்று, மகளிர் குழுக் கடனுக்கு இன்னொன்று. ஒவ்வொரு அலுவலகமும் 'பாஸ்புக் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ்' கேட்டது, கொடுத்தார்கள். இவற்றில் எந்தக் கணக்கில் ஆதார் கடைசியாக இணைக்கப்பட்டதோ, ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் அதைத் தேடித்தான் போகும். அது பல வருடமாக யாரும் தொடாத கணக்காகவும் இருக்கலாம். அந்த பாஸ்புக்கைக் கொண்டுபோய்ப் பதிவு போட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'மின் பேல் சார்ஜ்', 'எஸ்எம்எஸ் சார்ஜ்' என்று வரிசையாக இருக்கும். நூறு ரூபாய் அபராதம் என்றால் அதன் மேல் 18 ரூபாய் ஜிஎஸ்டி. இருப்பு தீர்ந்த பிறகும் கதை முடிவதில்லை. வசூலாகாத பாக்கி 'லியன்' என்ற பெயரில் தனியாக நின்று காத்திருக்கும். பிறகு ஒரு நாள் ஆயிரம் ரூபாய் வரும். அடுத்த வரியிலேயே பற்று விழும். யாரும் உத்தரவு போட்டு எடுப்பதில்லை, மென்பொருள் தானாகச் செய்கிறது.

வங்கி இதைத் திருட்டுத்தனமாகச் செய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, தன் கையில் இருக்கும் வாடிக்கையாளர் சொத்தைப் பாக்கிக்காக நிறுத்திவைக்கும் உரிமையை வங்கியாளருக்குத் தருகிறது. ஒரே ஆள் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதையும் நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியதையும் கழித்துக்கொள்ளும் நேர்செய்தல் உரிமை வணிக உலகில் மிகப் பழையது. இணைய வணிகம் இதை அன்றாட நடைமுறையாக்கிவிட்டது. அமெரிக்காவின் ஈபே 2002இல் பேபாலை வாங்கியது. கடை போட்டவர் விற்ற பணத்தை வாங்க எந்தப் பேபால் கணக்கை இணைத்தாரோ, அதிலிருந்தே விற்பனைக் கட்டணத்தைத் தானாகக் கழிக்க முடிந்தது. 2015இல் இரண்டு நிறுவனமும் பிரிந்தன. பிறகு ஈபே பணப் பட்டுவாடாவையே தன் கைக்குக் கொண்டுவந்து, கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பத் தொடங்கியது. இங்கே அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன கணக்கு: கமிஷன், கூரியர், திரும்பி வந்த சரக்கின் செலவு எல்லாம் போக மிச்சம்தான் கைக்கு வரும். அங்கே குறைந்தபட்சம் எடுப்பது அந்த வியாபாரத்தில் வந்த பணத்திலிருந்து. வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் கணக்குக்குக் கை நீளும்போதுதான் சிக்கல்.

என் வாதம் இதுதான். பாக்கி உண்டா, எவ்வளவு, எப்போது எடுப்பது என்ற மூன்றையும் கேட்பவரே முடிவு செய்து, எடுக்கவும் செய்கிற இடத்தில், நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் அவருக்கு இருக்கக் கூடாது. நீதிமன்றத்துக்கு எல்லை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். முறையாக வழக்குப் போட்டு, ஜெயித்து, டிகிரி வாங்கிய கடன்காரர்கூட எதையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. கைவினைஞரின் கருவி, உழவரின் ஏரும் மாடும் விதை நெல்லும், கூலியாளின் கூலி, அரசு ஓய்வூதியம், சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் அதற்கு மேற்பட்டதில் மூன்றில் இரண்டு பங்கும். களத்து மேட்டிலேயே நின்று நெல்லை அளந்துகொண்டு போன வட்டிக்காரரைக் கண்ட நாட்டில் எழுதப்பட்ட பட்டியல் அது. கணியம்பாடி ஒன்றியத்தில்தான் கம்மவான்பேட்டை இருக்கிறது, வீட்டுக்கு ஒருவர் படையில் சேரும் ஊர் என்று பேர் வாங்கியது. அங்கே ஓய்வூதியம் வாங்கும் ஒரு முன்னாள் படைவீரரின் பணத்தை எதிர்த்தரப்பு நீதிமன்றம் போயும் தொட முடியாது. ஓய்வூதியப் பலன்கள் வைப்புத் தொகையாக வங்கியில் போடப்பட்ட பிறகும் அந்தப் பாதுகாப்பை இழப்பதில்லை என்று ராதே ஷ்யாம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உடனே ஒரு வழக்கறிஞர் குறுக்கிடுவார்: 60ஆம் பிரிவு நீதிமன்ற ஜப்திக்கு மட்டும்தான், வங்கியின் நேர்செய்தலுக்கு அல்ல, தவிர உரிமைத் தொகை அந்தப் பட்டியலிலேயே கிடையாது என்று. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியான ஆட்சேபம். ஆனால் அந்த ஆட்சேபமே என் பக்கத்துச் சாட்சியாகவும் நிற்கிறது. இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதிக்குப் போட்ட வேலியை, யாரையும் கேட்காமல் எடுக்கும் கணினிக்குப் போடாமல் விட்டிருக்கிறோம். பட்டியலை எழுதியவர்கள் கூலியும் மானியமும் வங்கிக் கணக்கு வழியாக மட்டுமே வரும் காலத்தைக் கற்பனை செய்திருக்க முடியாது. கூலியைக் கையில் கொடுத்த காலத்தில், கொடுத்த கைக்கும் கடன்காரருக்கும் நடுவில் வாங்குபவர் நின்றார். இப்போது பணம் முதலில் போய்ச் சேர்வதே பாக்கி கேட்பவரிடம்தான்.

'கணக்குத் திறக்கும்போது கையெழுத்துப் போட்டாரே' என்பது அடுத்த ஆட்சேபம். போட்டார்தான். கையெழுத்தோ கைநாட்டோ, பொடி எழுத்தில் ஆங்கிலப் பக்கங்கள், கணக்கில்லாவிட்டால் மானியமில்லை என்ற நிலை. இதைச் சம்மதம் என்பதா, வேறு வழியில்லாமை என்பதா என்பது இருக்கட்டும். ரிசர்வ் வங்கியே 2014 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டு, 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. கடைசி நிபந்தனைக்கு என்ன பொருள்? காலிக் கணக்கிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை, அத்தோடு விடு என்பதுதான். மைனஸ் காட்டாமல் ஓரத்தில் 'லியன்' எழுதிவைத்து, உரிமைத் தொகை வந்த அன்று வசூலிப்பது, அந்த நிபந்தனையை எழுத்தில் காப்பாற்றிக் கருத்தில் கொல்வது.

'பாக்கியை விட்டுவிட்டால் மற்ற வாடிக்கையாளர்கள்தானே சுமக்க வேண்டும்' என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை குறைந்தபட்ச இருப்பு அபராதமாக 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. அந்த வருடம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வங்கியின் நிகர லாபம் 1,581 கோடி. கூச்சல் எழுந்ததும் அபராதத்தை வெகுவாகக் குறைத்தார்கள், 2020 மார்ச்சில் ஒரேயடியாக எடுத்தே விட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய வங்கி அதனால் நொடித்துப்போகவில்லை. மற்ற பொதுத்துறை வங்கிகள் தொடர்ந்து வசூலித்தன. 2019-20 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இந்தத் தலைப்பில் வாங்கியது ஏறத்தாழ 8,500 கோடி என்று 2024இல் நாடாளுமன்றத்தில் பதில் தரப்பட்டது. 2025இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவையும் இந்த அபராதத்தைக் கைவிட்டன. ஆக இது சேவைக்கான செலவு என்ற வாதத்தை வங்கிகளே தளர்த்திவிட்டன. பணம் இல்லை என்பதற்காகவே பணம் கேட்கும் கட்டணம் அது.

கடன் பாக்கி வேறு சங்கதி. குழுக் கடனோ நகைக் கடனோ வாங்கியவர் திருப்பிக் கட்டத்தான் வேண்டும், அந்த உரிமையை முழுவதும் பறித்தால் வங்கி ஏழைக்குக் கடன் கொடுக்கத் தயங்கும் என்பதில் நியாயம் உண்டு. அதனால்தான் முழுத் தடையைவிட அளவான வேலி நல்லது. ஆஸ்திரேலியாவில் அரசு உதவித்தொகை வரும் கணக்கிலிருந்து பாக்கிக்காக அந்தத் தொகையில் பத்து சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வங்கிகள் அரசோடு ஒரு நடைமுறை விதி வைத்திருக்கின்றன. பிரிட்டனில் வாடகை, சாப்பாடு போன்ற அவசியச் செலவுக்கான பணத்தை விட்டுவைத்துத்தான் நேர் செய்ய வேண்டும் என்பது ஒழுங்காணையத்தின் எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் 1974இல் வந்த சட்டத்தின்படி, வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தனி ஒப்புதல் இல்லாமல் கிரெடிட் கார்டு பாக்கியை அவருடைய வைப்புக் கணக்கிலிருந்து வங்கி எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஊர்களில் எல்லாம் கடன் கொடுப்பது நின்றுவிடவில்லை.

நம் நாட்டிலும் பாதி வேலி கட்டியாகிவிட்டது, வேறு பக்கத்தில். கார்டு, யுபிஐ வழியாக ஒரு நிறுவனம் மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதாக இருந்தால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. சினிமா பார்க்கும் செயலிக்கு 199 ரூபாய் போகும் முன் தகவல் வருகிறது. அதே கணக்கிலிருந்து வங்கி தன் பாக்கிக்கு எடுக்கும்போது, எடுத்த பிறகுதான் தெரிகிறது, அதுவும் கைபேசி எண் மாறாமல் இருந்தால். சர்ச்சையின் விலையும் ஒரு பக்கம் மட்டும்தான் விழுகிறது. 118 ரூபாயை எடுக்க வங்கிக்கு எந்தச் செலவும் இல்லை. அதைத் திருப்பிக் கேட்க, அதே மலை அடிவாரத்தில் இருக்கும் அமிர்தி பக்கத்திலிருந்து பஸ் பிடித்துக் கிளைக்கு வரும் பெண் ஒரு நாள் வேலையை விட வேண்டும். உரிமைத் தொகை தொடங்கிய 2023இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 294 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு யாரும் புகார் கொடுக்கப் போகமாட்டார்கள்.

மாநில அரசு அறிக்கையோடு நிற்க வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே மாதம் ஆயிரம் கோடிக்கு மேல் வங்கிகள் வழியாக அனுப்பும் வாடிக்கையாளர் அது. இந்த வகைப் பணம் என்று அடையாளமிட்டு அனுப்பி, அந்த அடையாளமுள்ள வரவைக் குறிப்பிட்ட நாட்களுக்கு லியன் தொடாதபடி மென்பொருளில் தடுக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதலாம். அதுவரை, ஏற்கெனவே இருக்கும் வழியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 2012 முதல் 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' என்று ஒன்று உண்டு. ஜன்தன் கணக்கும் அந்த வகைதான். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. பழைய சேமிப்புக் கணக்கை அந்த வகைக்கு மாற்றித் தரும்படி கிளையில் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியிடம் எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை, உதவிக்கு 14448. அங்கே கேட்கும் முதல் காகிதம் அந்த முத்திரை போட்ட நகல்தான்.