பள்ளத்தாக்கின் பாதங்கள்

விடியும் முன்பே கம்பம், கூடலூர், போடி, தேவாரம் சந்திகளில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறும் பெண்கள் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படுகிறார்கள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். தோட்டம் போய்ச் சேரும்வரை காலை மடக்கி உட்கார்ந்த பயணம். இறங்கியதும் பொழுது சாயும்வரை சரிவில் நிற்பது, குனிவது, குந்துவது. ஏலச்செடி தூரை ஒட்டித்தான் காய்க்கும். தூருக்குத் தூர் குந்தாமல் காய் எடுக்க முடியாது. மழைக்காலம் வந்துவிட்டால் ஈரமும் அட்டையும் சேர்ந்துகொள்ளும். மாலையில் வீடு திரும்பியதும் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு அடுப்படி வேலை காத்திருக்கும்.

இப்படி உழைக்கும் காலில் அதிகம் வலிக்கும் இடம் குதிகால்.

காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் சுரீர் என்று குத்தும். நாலு எட்டு நடந்ததும் தணியும். நெடுநேரம் நின்றபின் மறுபடி வரும். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடும் கெட்டியான திசுப்பட்டை ஒன்று, வில்லின் நாண் போலப் பாதத்தின் வளைவைப் பிடித்து நிறுத்துகிறது. அளவுக்கு மீறி இழுபடும்போது எலும்போடு அது ஒட்டும் இடம் நோகிறது. தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கித் தொய்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கியிருக்கும். முதல் அடி அதைச் சட்டென்று இழுப்பதுதான் அந்தக் குத்தலுக்குக் காரணம். பத்துப் பேரில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இது வரும் என்பது மருத்துவர்களின் கணக்கு.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று கேட்டவுடன் பலர் நடுங்கிப்போகிறார்கள். நடுங்கத் தேவையில்லை. வலியே இல்லாத ஏராளமானவர்களின் குதிகாலிலும் அந்த முனை இருக்கிறது. அதை அறுத்து எடுக்க வேண்டிய நிலை மிக அரிது. பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில், அதிகம் போனால் ஓராண்டில், அறுவை இல்லாமலே வலி அடங்கிவிடுகிறது. ஊசி போட்டால் உடனே சுகம் கிடைக்கலாம். ஆனால் ஸ்டீராய்டு ஊசியை அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயக்கூடும், பட்டையே அறுந்துபோகவும் கூடும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது.

முதல் வழி வீட்டு வாசற்படியில் இருக்கிறது. துண்டைச் சுருட்டிப் படியில் வைத்து, அதன்மேல் விரல்கள் மேல்நோக்கி வளையும்படி முன்பாதத்தை ஊன்றி நிற்க வேண்டும். மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்க வேண்டும். விழாமலிருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், வெறுமனே பாதத்தை நீட்டி மடக்கியவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்திருந்தார்கள். ஆகவே நீட்டி மடக்குவதும் வீணல்ல. படுக்கையை விட்டு இறங்கும் முன் கால்விரல்களைக் கையால் பிடித்துத் தன்பக்கம் இழுத்துக்கொள்வது முதல் அடியின் குத்தலைக் குறைக்கும். கெண்டைக்கால் தசை இறுகியிருந்தாலும் குதிகால் நோகும் என்பதால் அதையும் நீட்டிவிட வேண்டும்.

திடீரென்று கூடும் சுமையும் ஒரு காரணம். சித்திரா பௌர்ணமி அன்று கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடியிலிருந்து மலைப்பாதையில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏறுகிறார்கள். ஆண்டு முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்த கால் அன்று ஒரே நாளில் ஏறி இறங்கினால் மறுநாள் நொண்டத்தான் செய்யும். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து, தூரத்தை வாரந்தோறும் கொஞ்சம் கூட்டிக்கொண்டவர்கள் சிரமமில்லாமல் வருவார்கள். போலீஸ் தேர்வுக்காகத் திடுமென ஓடத் தொடங்கும் இளைஞர்களுக்கும் இதே கணக்குத்தான்.

நெல் வயலில் இறங்குபவர்களின் தொல்லை வேறு. முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீரில் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. நடவு நாட்களில் சேற்றில் ஊறும் விரலிடுக்குகள் வெளுத்து, வெடித்து, அரிக்கும். சேற்றுப்புண்ணுக்கு முதல் மருந்து உலர்ந்த துணி. வயலிலிருந்து ஏறியதும் கழுவி, இடுக்குகளை ஒத்தித் துடைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பூஞ்சைக் களிம்பு வாங்கித் தடவலாம்.

வலிக்கும் கால் இவ்வளவுக்கும் ஈடுகொடுத்துத் தேறிவிடும். பெரிய கவலை வலிக்காத கால்.

இதை உலகுக்குப் புரியவைத்தவர் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் சதை தானாக அழுகுவதாக நம்பப்பட்ட காலம் அது. உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடம் ஓயாமல் அழுத்தப்படுவதால்தான் புண் வருகிறது என்று அவர் காட்டினார். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மென்மையான ரப்பரில் செருப்புகள் உருவாயின. இன்று கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்ததுதான். குதிகால் வலிக்காரர்கள் அதை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம். அடுப்படியில் செருப்பா என்று யோசிக்க வேண்டாம்.

இன்றைக்கு உணர்ச்சியைப் பறிப்பது பெரும்பாலும் சர்க்கரை நோய். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது. பக்தர்கள் வெறுங்காலோடு போகும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வருவது சித்திரை வெயிலில். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் தேனி, கம்பம், குமுளி வழியே வெறுங்காலோடு போகிறார்கள். மரத்துப்போன பாதத்தில் தார்ச்சாலைச் சூடு கொப்புளம் போட்டாலும் தெரியாது, முள் தைத்தாலும் தெரியாது. மறுவாரம் ரத்தமோ சீழோ கண்டபிறகுதான் தெரியவரும். பக்தியை யாரும் குறை சொல்லவில்லை. உணர்ச்சி குறைந்த காலோடு வெறுங்காலில் நடக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், குருசாமியிடம் சொல்லிக் காலணி அணிந்து போவதில் பாவமில்லை. கால் ஆணிக்குக் கடையில் விற்கும் ஆசிட் பிளாஸ்திரியையும் சர்க்கரை நோயாளிகள் தொடவே கூடாது. பிளேடால் செதுக்குவதும் வேண்டாம்.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று அறியும் சோதனை மிக எளியது. மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொள்ள வேண்டியது இது. மாத்திரை வாங்கப் போகும் நாளில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ, "என் பாதத்தையும் பாருங்கள்" என்று கேளுங்கள். ஆறாத புண், நிறம் மாறிய விரல், வீக்கம், காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாமல், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அன்றைக்கே போய்விடுங்கள்.