இருபத்தோராவது பிறந்த நாள்

பிறந்த நாள் வந்தால் வீட்டில் பாயஸம் வைப்பார்கள். கோயிலில் அர்ச்சனை செய்வார்கள். ஆனால் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் பலருடைய வீடுகளில், குழந்தையின் 21-வது பிறந்த நாள் நெருங்க நெருங்க, பெற்றோர் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள்.

சங்கதி இதுதான். 'எச்-1பி' என்னும் விஸாவில் வேலைக்குச் செல்பவர் தம் மனைவி மக்களை 'எச்-4' விஸாவில் அழைத்துச் செல்லலாம். கும்பகோணத்திலிருந்து இரண்டு வயதில் இப்படிப் போன ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். 1952-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, விவாகமாகாத, 21 வயது நிரம்பாதவரே 'குழந்தை'. 21 நிரம்பிய அன்று, தாயாருக்கு அவள் குழந்தைதான். அமெரிக்க சர்க்காருக்கோ யாரோ ஒருத்தி! எச்-4 அந்தஸ்து போயிற்று. தகப்பனாரின் நிரந்தர வாச விண்ணப்பத்தில் அவளுக்கிருந்த இடமும் போயிற்று.

"அதற்குள் பச்சை அட்டை வாங்கிவிடக் கூடாதா?" என்று நேயர்கள் கேட்கலாம். உத்தியோகத்தின் பேரில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 பேருக்கு நிரந்தர வாச உரிமை தருகிறார்கள். மனைவி மக்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது. நாலு லட்சம் ஜனங்கள்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே அளவு, 140 கோடிக்கு மேற்பட்ட நமக்கும் அதே அளவு. எவ்வளவு அழகான சமத்துவம்! ஆகவே இந்தியர்களின் வரிசை பத்து வருஷத்துக்கு மேலும் நீள்கிறது.

2002-ல் ஒரு சட்டம் சிறிது இரங்கியது. முதலாளி கொடுத்த மனு சர்க்கார் பரிசீலனையில் கிடந்த நாட்களைக் குழந்தையின் வயதிலிருந்து கழித்துக் கொள்ளலாம். ஆனால் மனு அங்கீகாரமான பிறகு வரிசையில் நின்ற வருஷங்கள் கழியமாட்டா. முறை வந்த ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தாகவும் வேண்டும்.

கணக்கு உதவாவிட்டால்? பெரும்பாலோர் மாணவர் விஸாவுக்கு மாறுகிறார்கள். இதில்தான் வேடிக்கையும் வேதனையும் இருக்கின்றன. மாணவர் விஸா கேட்பவர், தமக்கு வெளிநாட்டில் வீடு உண்டு, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டும். நம் பெண்ணுக்கு அந்த வீடு எது? இரண்டு மூன்று கோடை விடுமுறைகளில் தங்கிய பாட்டனார் வீடு! நடந்து பள்ளிக்கூடம் போன தெரு அவளுக்கு அந்நிய நாடு. வழி கேட்டுப் போக வேண்டிய கும்பகோணம் அவளுக்குச் சொந்த ஊர்.

படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் வேலைப் பயிற்சி பெறலாம்; விஞ்ஞானம், இஞ்சினீயரிங் படித்தவர்களுக்கு மேலும் இரண்டு வருஷம் உண்டு. பிறகு தகப்பனார் போன அதே எச்-1பி. வருஷத்துக்கு 65,000 இடங்கள். அங்கே மேல்பட்டம் பெற்றவர்களுக்கு இன்னும் 20,000. விண்ணப்பங்கள் மிகுதியாதலால் குலுக்கல் நடக்கிறது. அதில் பெயர் விழுந்தாலும், தகப்பனார் நின்ற வரிசையின் வாலில் அவள் போய் நிற்க வேண்டியதுதான்.

பச்சை அட்டை பெற்ற தகப்பனார் விவாகமாகாத மகளுக்காகத் தனியே மனுச் செய்யலாம். அதுவும் பல வருஷ வரிசை. அவர் அமெரிக்கப் பிரஜையாகுமுன் அவளுக்குக் கல்யாணம் நடந்தால் மனு ரத்து! ஜாதகக் கட்டை வைத்துக்கொண்டிருக்கும் நம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். எட்டு லட்சம் டாலர் முதல் போட்டும் உரிமை பெறலாமாம்; மாதச் சம்பளக்காரரிடம் அந்தப் பேச்சு எதற்கு?

2012-ல் ஜனாதிபதி ஒபாமாவின் சர்க்கார் சிறு வயதில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு சலுகை அளித்தது. ஆனால் அது உரிய அனுமதியின்றி இருந்தவர்களுக்கே. சட்டப்படி வந்து சட்டப்படி இருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. இக்குறையைப் போக்க 2021-லும் 2023-லும் அமெரிக்கக் காங்கிரஸில், அதாவது அவர்களுடைய பார்லிமெண்டில், மசோதாக்கள் வந்தன, நிறைவேறவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அமெரிக்காவிலேயே பிறந்த தம்பி ஒருவன் இருந்தால், அவன் பிறவியிலேயே அந்நாட்டுப் பிரஜை. அவனுக்கு 21 வயது ஆனதும் அக்காவுக்காக அவன் மனுப் போடலாம். அந்த வரிசையும் இந்தியர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல்.