ரிம்மின் அகலமும் டயரின் பிடியும்

சென்ற விடுமுறைக்கு டெங்கில் வீட்டிற்குத் திரும்பியபோது, அண்ணனின் பழைய புரோட்டோன் வீரா புதுக்கோலத்தில் நின்றது. 9 அங்குல அகல ரிம். அதன்மேல் 195/50 ஆர் 15 அளவு டயர். ரிம்மைப் பிடித்துக்கொள்ள முடியாமல் டயரின் பக்கச்சுவர் கூரையைப் போல் சரிந்திருந்தது. "எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார். இயந்திரவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய நான், "அழகாத்தான் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, விமான நிலையத்தில் இரவு வேலை முடிந்து வரும் வழியில், சாலை வட்டத்தில் முன் இடது டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. காடி கால்வாயில் இறங்கி நின்றது. அண்ணனுக்குத் தோளில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அன்று விடியும்வரை அம்மா அழுதது தொலைபேசியில் எனக்குக் கேட்டது. அந்த அழுகைக்குப் பின்தான் இதையெல்லாம் ஒழுங்காகப் படித்தேன்.

"ரிம் அகலமானா பிடிப்பு அதிகம்" என்று கடையில் சொன்னார்களாம். நம்மில் பலரும் அப்படித்தான் நம்புகிறோம். அதில் பாதி உண்மைகூட இல்லை. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரின் மொத்த அகலம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கூடும். ஆனால் கூடுவது பக்கச்சுவரின் புடைப்பில்தான்; சாலையைத் தொடும் தடப்பகுதி பெரிதாக மாறுவதில்லை. மாறுவது பக்கச்சுவர் நிற்கும் விதம். ஓடும் பேருந்தில் கால்களைச் சேர்த்து நிற்பவரையும் அகட்டி நிற்பவரையும் நினைத்துப் பாருங்கள். குறுகிய ரிம்மில் டயர் முதலாமவரைப் போல. வளைவில் பக்கவாட்டில் சாய்ந்து, தன் வெளி ஓரத்தின்மேல் ஏறிவிடும். அகன்ற ரிம்மில் சாய்வு குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் காடி திரும்பும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது நம் சிப்பாங் போன்ற ஓடுதளம் அன்று. அங்கு 15 வளைவுகள், இடமும் வலமுமாக. 2017-இல் மலேசியாவின் கடைசி எப் 1 போட்டியை அண்ணனுடன் அங்கே பார்த்தபோது நான் படிவம் 2 மாணவன். சத்தத்தைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. அமெரிக்காவின் நீள்வட்ட ஓடுதளங்களோ வேறு மாதிரி. பந்தயம் முழுக்க இடப்பக்கமே திருப்பம். சுமையெல்லாம் வலப்பக்க டயர்களின்மேல். ஒரே வகைத் தேர்வுக் கேள்வியை நூறு முறை கேட்பதுபோல், டயரின் பலவீனம் அங்கே மறைய வழியில்லை.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010 மார்ச்சில் அப்படியொரு தளத்தில் ஓட்டினார். நாஸ்கார் டிரக் பந்தயத்தில் அவருடைய முதல் போட்டி அது. இடம் மார்ட்டின்ஸ்வில், சுற்றளவு சுமார் 850 மீட்டர்தான். 13-ஆவதாக முடித்தார். அந்தப் பந்தயத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே ரிம்: 15 அங்குல விட்டம், 9.5 அங்குல அகலம். அகலத்தில் கைவைக்க முடியாததால் குழுக்கள் காற்றழுத்தத்தையும் சக்கரச் சாய்வையும் வைத்தே விளையாட வேண்டும். வண்டி உள்ளே வந்ததும் தடத்தின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் ஊசி குத்தி வெப்பம் அளப்பார்கள். டயருக்கு ரிம் குறுகலாக இருந்தால் தடம் நடுவில் மேடு தட்டும், நடு சூடாகும். மிக அகலமாக இருந்தால் நடு குழிந்து, ஓரங்கள் சூடாகும். காற்று கூடினாலும் குறைந்தாலும் இதே அடையாளங்கள் தோன்றும் என்பதால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2022-இல் நாஸ்கார் தன் முதன்மைப் பந்தயத்தில் ரிம்மை 18 அங்குல விட்டமாகவும் 12 அங்குல அகலமாகவும் மாற்றியது. ஆனால் அதற்கென்றே டயரும் புதிதாகச் செய்யப்பட்டது. அண்ணன் விட்ட இடம் இதுதான்.

பக்கச்சுவர் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் நரேனே சாட்சி. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ் எப் 1 போட்டி. அங்கே கார்கள் நீள்வட்டத்தின் சாய்ந்த வளைவு ஒன்றை எதிர்த்திசையில், அதாவது வலப்பக்கம் திரும்பிக் கடக்கும். எனவே சுமை இடப்பக்க டயருக்கு. பயிற்சியில் ரால்ப் ஷூமாக்கரின் பின் இடது மிஷெலின் டயர் சிதைந்தது. போட்டி நாளில் மிஷெலின் அணிந்த 14 கார்களும் ஒதுங்கிக்கொள்ள, பிரிட்ஜ்ஸ்டோன் அணிந்த 6 மட்டுமே ஓடின. நரேன் நான்காவது, எப் 1-இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர். அங்கே குற்றம் ரிம்மின் அகலத்தில் இல்லை. ஆயினும் வளைவின் சுமையை ரிம்முக்குக் கொண்டுசேர்ப்பது அந்த மெல்லிய சுவர்தான் என்பது உலகத்துக்கே தெரிந்தது. (வளைந்து நிமிரும் அந்தச் சுவரில் இயற்கை ரப்பர் நிறைய உண்டு. புத்ராஜெயா எழும்பிய நிலத்தில் பால்மரம் சீவிய என் பாட்டி இதைக் கேட்டு, "அப்போ நாங்க சும்மா சீவல" என்றார்.)

சாலை வட்டத்திலும் நாம் வலப்பக்கமே திரும்புகிறோம். அண்ணனின் டயருக்குரிய ரிம் அகலம் 5.5 முதல் 7 அங்குலம் வரை. 9 அங்குலத்தில் பக்கச்சுவர் முழுதும் இழுபட்டு, டயரின் விளிம்பு ரிம்மின் ஓரத்தை வலுவாகப் பற்றிக்கொள்ளும் நிலையில் இல்லை. அன்று காற்றும் குறைவு. வளைவின் தள்ளுவிசைக்கு அது போதாமல் போயிற்று.

உங்கள் காடியில் பார்க்க விரும்பினால், டயரின் பக்கச்சுவரில் அதன் அளவும் ரிம்மின் உட்புறத்தில் அதன் விட்டமும் அகலமும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏற்ற அகலம் எதுவென்பது டயர் நிறுவனத்தின் அளவு அட்டவணையில் இருக்கும். கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்போது அண்ணனின் காடியில் 6.5 அங்குல ரிம். முன்னைவிட நன்றாகத் திரும்புகிறதாம். 9 அங்குல ரிம்கள் நான்கும் வீட்டுப் பின்புறம் கிடக்கின்றன. விற்க மனமில்லை, வாங்குபவரிடம் என்ன சொல்வது என்கிறார்.