பேட்டரியைக் காக்கும் சின்னப் பெட்டி

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து ஓய்ந்தபின், சென்னைப் புறநகரில் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் மொட்டை மாடி சோலாரிலும் எல்லாமே கைகொடுப்பதில்லை. மின்வாரிய லைனோடு மட்டும் இணைத்தது, கரண்ட் போனதுமே தானும் நின்றுவிடும். பேட்டரி வைத்த அமைப்புதான் விளக்கெரிக்கும். அந்தப் பேட்டரியின் ஆயுள் சுவரில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டியின் கையில் இருக்கிறது. அதுதான் சார்ஜ் கன்ட்ரோலர்.

12 வோல்ட் பேனல் என்று விற்பது நல்ல வெயிலில் 18 வோல்ட் வரை தரும். ஈய-அமில பேட்டரிக்கு 14.4 வோல்ட் வாக்கில் போதும், நிறைந்தபின் 13.6 சுமாருக்கு இறங்கிவிட வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வதுதான் கன்ட்ரோலரின் வேலை. மீறினால் உள்ளிருக்கும் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகும், தகடுகள் அரித்துப்போகும். அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தால், பேட்டரியைத் திட்டுவதற்கு முன் கன்ட்ரோலரில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

கன்ட்ரோலரில் இரண்டு வகை உண்டு. 100 வாட் பேனல் தரும் 5.5 ஆம்பியரை பி.டபிள்யூ.எம். வகை அப்படியே பேட்டரிக்குள் அனுப்பும். 13 வோல்ட்டில் அது 72 வாட்தான். எம்.பி.பி.டி. வகை கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றி, 7 ஆம்பியர் வரை கொடுக்கும். விலை கூடுதல்தான், ஆனால் பேனல் பெரிதாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

கன்ட்ரோலரை மாற்றும்போது வரிசை முக்கியம். கழற்றுகையில் முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாட்டுகையில் முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துத்தான் பல கன்ட்ரோலர்கள் இது 12-ஆ 24-ஆ என்று தெரிந்துகொள்கின்றன. பேனலை முதலில் கொடுத்தால் கணக்கு தப்பும், சில சமயம் கருவியே போய்விடும். வெயில் இருக்கும்வரை பேனல் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் பேனலைத் தார்ப்பாயால் மூடிவிட்டோ, பொழுது சாய்ந்த பிறகோ வேலை செய்யுங்கள். டெர்மினல் ஸ்க்ரூவை நன்றாக முறுக்குங்கள்; தளர்ந்த இணைப்பு சூடாகி உருகும்.

ஆவடி, பூந்தமல்லியில் மே மாதம் பேட்டரி இருக்கும் அறை 40 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் 14.4 வோல்ட் அதிகம், 14 போதும். வெப்ப சென்சார் உள்ள கன்ட்ரோலர் இதைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பேட்டரியின் வகையையும் கவனிக்க வேண்டும். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 75 பேர் பயணிக்கும் ‘ஆதித்யா’ சோலார் படகில் இருப்பது லித்தியம் பேட்டரி. ஈய-அமிலத்துக்கு வைத்த செட்டிங் லித்தியத்துக்கு ஒத்துவராது. படகானாலும் வீடானாலும், புதுக் கன்ட்ரோலரை மாட்டியதும் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பேனலை இணையுங்கள்.